மின்சாரம் வந்தபின் காணாமற்போகும் கோப்புறை

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நாட்டை ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது இருளில் மூழ்கும் என்று அட்டவணை வெளியிட்டார்கள். அதே மாதத்தில்தான் தாள் தட்டுப்பாட்டினால் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்கள் தமது அச்சுப் பதிப்பை இடைநிறுத்துவதாக அறிவித்தன. தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற அந்த நாட்களில் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இதுவரை எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது? நாளைக்கும் அது அங்கேயே இருக்குமா?

என்னுடையவை பொரளையில் எனது எழுதுமேசையின் மேல், மூன்று வன்தட்டுகளில் இருக்கின்றன. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து சேர்த்த பத்திரிகை நறுக்குகளின் ஸ்கேன் பிரதிகள், பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கட்டுரைகள், புகைப்படங்கள், செவ்விகளின் ஒலிப்பதிவுகள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான நாட்களின் குறிப்புகள் அவற்றில் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் எடுத்த படங்கள் உண்டு. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பியபோது, உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடையுத்தரவு வழங்கும் வரை நடந்தவற்றின் பதிவுகளும் உண்டு. இவற்றில் பாதி அச்சில் வந்தவை. மறுபாதி வரவில்லை. வராதவற்றுக்கு இந்தத் தட்டுகளைத் தவிர வேறு வீடு கிடையாது.

தமிழருக்கு இது வெறும் தொழில்நுட்பக் கவலை அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு வன்முறை தொடங்கிய பொரளை கனத்தை மயானம் எனது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த வாரம் கொழும்பில் எரிந்த வீடுகளோடு எத்தனை புத்தக அலுமாரிகள் எரிந்தன என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. ஆகவே, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைக்கும் பழக்கம் நமக்கு வெறும் ஒழுங்கு மட்டுமல்ல.

மின்வெட்டுக் காலத்தில் எனது கணினி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அணைந்து எழுந்தது. எழும் ஒவ்வொரு முறையும் ‘நறுக்குகள்’ என்ற கோப்புறையைத் திறந்தால், அப்படியொன்று இல்லை என்று திரை சொன்னது. அப்போது வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என் பெறாமகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “பெரியப்பா, கோப்பு ஒண்டும் போகேல்லை. தட்டு அப்படியே நிக்குது. வாசல்தான் இல்லை” என்றான். கணினி பற்றி நான் கேட்ட விளக்கங்களில் ஆகச் சிறந்தது அந்த மூன்றாவது வசனம்தான். அந்த வாசலுக்கு ஆங்கிலத்தில் மவுண்ட் பொயின்ட் என்று பெயர். தமிழில் பொருத்துமிடம் என்று சொல்லிக்கொள்வோம்.

விண்டோஸ் பாவிக்கும் நண்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஏ, பி இரண்டும் பழைய நெகிழ்தட்டுகளுக்கு, சி உள்ளிருக்கும் வன்தட்டுக்கு, பிறகு வருபவர்களுக்கு டி, ஈ, எஃப். எந்தத் தட்டுக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தனது பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் இடையில் வேறொரு பென் டிரைவ் வந்து அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வருபவருக்கு அடுத்த எழுத்துத்தான் கிடைக்கும். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய காலத்தவர்களுக்கு இதன் வலி தெரியும். பக்கத்தில் வைத்த படத்தை அந்த மென்பொருள் பாதையைக் கொண்டே தேடும். நான் வேலைசெய்த பத்திரிகை ஒன்றில், படங்கள் இருந்த தட்டு ஒரு சனிக்கிழமை இரவு ஈயிலிருந்து எஃப்புக்கு மாறிவிட்டது. ஞாயிறு பதிப்பின் நடுப்பக்கத்தில் இருந்த அத்தனை படங்களின் தொடர்பும் அறுந்துபோயின. படங்கள் இருந்தன, பக்கமும் இருந்தது, இரண்டுக்கும் இடையிலான முகவரி மட்டும் பொய்த்துப்போனது. அச்சு இயந்திரம் காத்திருக்க, வடிவமைப்பாளர் ஒவ்வொரு படத்தையும் கையால் மீண்டும் இணைத்துக்கொண்டிருந்தார்.

யுனிக்ஸ் வழி வேறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய அந்த இயங்குதளத்தில் தட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கே கிடையாது. இருப்பது ஒரேயொரு மரம். வேர் ஒன்று, கிளைகள் பல. புதிய தட்டு ஒன்று வந்தால் அதற்குத் தனி மரம் நடுவதில்லை. இருக்கும் மரத்தில் ஏதோவொரு கோப்புறையைக் காட்டி, இந்த இடத்தில் இதை ஒட்டு என்று சொல்லவேண்டும். அப்படி ஒட்டுவதுதான் மவுண்ட். ஒட்டிய பிறகு அந்தக் கோப்புறைக்குள் நுழைபவர் புதிய தட்டுக்குள் நுழைகிறார். வேறொரு தட்டுக்குள் போகிறோம் என்பதே அவருக்குத் தெரியவேண்டியதில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் இந்த மரபின் பிள்ளைதான்.

இங்கே ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. கையால் ஒட்டுகின்ற ஒட்டு, இயந்திரம் அணையும் வரைதான் தாங்கும். உபுண்டு போன்ற தளங்களில் தட்டின் படத்தை மௌசினால் அழுத்தினால் அது ‘மீடியா’ என்ற கோப்புறையின் கீழ், உங்கள் பயனர் பெயருக்குள், தட்டின் பெயரோடு வந்து நிற்கும். அணைத்தால் போய்விடும். மறுநாள் மீண்டும் அழுத்தவேண்டும். முதல்நாள் சரியாகக் கழற்றாமல் அணைந்து, அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்று எஞ்சியிருந்தால், புதிதாக வருவது பெயருக்குப் பின்னால் 1 என்ற இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டு வரும். அதோடு நீங்கள் வைத்திருந்த குறுக்குவழிகள் அனைத்தும் தவறிவிடும். மின்வெட்டுக்குச் சரியாகக் கழற்றும் மரியாதை ஏது?

இதற்குத் தீர்வு மிகப் பழையது. யுனிக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில், இயந்திரம் எழும்போது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்புக்குள்ளேயே எந்தத் தட்டை எங்கே ஒட்டவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான யுனிக்ஸ் வழியில், 1980இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், அதற்கென்றே தனியான ஒரு பட்டியல் கோப்பு வந்தது. பெயர் எஃப்எஸ்டாப். ‘ஈடிசி’ என்ற கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். நான்கு தசாப்தங்களுக்கு மேல் கடந்தும் இன்றைய லினக்ஸ் கணினிகள் அதே பெயரில் அதை வாசிக்கின்றன. தலையங்கத்தின் மொழிநடையே மாறிவிட்ட இந்தக் காலவெளியில் ஒரு கோப்பின் பெயர் மாறாமல் இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

கணினி உண்மையில் இரண்டு பட்டியல்களைப் பேணுகிறது. ஒன்று, இந்த நிமிடத்தில் எந்தெந்தத் தட்டுகள் எங்கெங்கே ஒட்டப்பட்டுள்ளன என்பது. மற்றையது, எவை ஒட்டப்பட வேண்டும் என்பது. அலுவலக மொழியில் சொன்னால் முதலாவது வரவுப் பதிவேடு, இரண்டாவது நியமனக் கடிதம். வரவுப் பதிவேடு இயந்திரம் அணைந்ததும் வெறுமையாகிவிடும். நியமனக் கடிதம் தட்டிலேயே இருக்கும். கையால் ஒட்டுபவர் வரவுப் பதிவேட்டில் மட்டும் ஒப்பமிடுகிறார். எஃப்எஸ்டாபில் எழுதுபவர் நியமனம் வழங்குகிறார்.

அந்த நியமனக் கடிதத்தில் ஒரு தட்டுக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஆறு விடயங்கள். எந்தத் தட்டு, எந்த இடத்தில், என்ன வகைக் கோப்பு முறைமை, என்னென்ன நிபந்தனைகள் என்பவை முதல் நான்கு. ஐந்தாவது ‘டம்ப்’ என்ற பழைய பிரதியெடுப்புக் கருவிக்கானது. இன்று பெரும்பாலும் பூச்சியம் என்றே எழுதுகிறார்கள். ஆறாவது, எழும்போது தட்டைப் பரிசோதிக்கும் வரிசை. வேர்த்தட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, பரிசோதனை வேண்டாமென்றால் பூச்சியம். சொற்களுக்கு நடுவே இடைவெளிதான் எல்லை என்பதால் கோப்புறையின் பெயருக்குள்ளே இடைவெளி வரக்கூடாது. வந்தே தீருமென்றால் அந்த இடத்தில் பின்சாய்கோடு போட்டு 040 என்று எழுதவேண்டும். இத்தனைக்கும் ஓர் எழுத்துப் பிழை போதும், முழு வரியும் பயனற்றுப் போய்விடும். அந்தக் கால அச்சுக்கோப்பாளர்கள் இதை இலகுவில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆறில் முதலாவதுதான் அதிகம் யோசிக்க வைப்பது. தட்டை எப்படி அடையாளம் சொல்வது? லினக்ஸ் தான் கண்ட வரிசையில் தட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் சூட்டும். இன்று எஸ்டிபியாக இருப்பது, நாளை யூஎஸ்பித் துவாரம் மாறினால் எஸ்டிசியாகலாம். வரிசையில் நிற்கும் இடத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது போன்றது அது. அதனால் ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் உருவாக்கப்படும்போதே வழங்கப்படும் யூயூஐடி என்ற தனித்துவ எண்ணைப் பாவிக்கச் சொல்கிறார்கள். லினக்ஸ் தட்டுகளில் அது எழுத்தும் இலக்கமுமாக 32 குறிகள், இடையே நான்கு சிறுகோடுகள். ‘பிஎல்கேஐடி’ என்ற கட்டளை அதைக் காட்டும்.

இலங்கைத் தமிழனுக்கு இதை விளக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. சோதனைச் சாவடிகளில் நம்மைப் பெயர் சொல்லி எவர் கூப்பிட்டார்கள்? தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைத்தான் பார்த்தார்கள். அந்த நினைவு இனிமையானதல்ல. ஆயினும் கணினிக்கு அந்த முறை பொருந்துகிறது. எந்தத் துவாரத்தில் செருகினாலும், எந்த வரிசையில் வந்தாலும், தட்டு அதுவேதான். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. தட்டைப் புதிதாக ஃபோர்மட் செய்தால் எண் மாறிவிடும். ஒரு தட்டை அச்சுப் பிரதியாக இன்னொன்றில் நகலெடுத்தால் எண்ணும் சேர்ந்து நகலாகும், ஒரே அடையாள அட்டையோடு இருவர் வந்து நிற்பார்கள்.

எண் பிடிக்காதவர்கள் தட்டுக்குப் பெயரிட்டு அந்தப் பெயரையே வரியில் எழுதலாம். தமிழிலும் பெயரிடலாம். ஆனால் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 முறையில் பெயருக்கு 16 பைட்டுகள்தான் இடம். யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். மெய்க்கு ஒன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ‘கொழும்பு’ 24 பைட்டுகள், உள்ளே போகாது. ‘வெள்ளவத்தை’, ‘கொட்டாஞ்சேனை’ இரண்டும் நினைத்தும் பார்க்க முடியாதவை. ‘பொரளை’ சரியாக 15. என் முதல் தட்டின் பெயர் பொரளை என்பதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமல்ல.

அடுத்து, நான்காவது நிரலில் எழுதப்படும் நிபந்தனைகள். எழுதிவைத்த தட்டு எழும் நேரத்தில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? இன்றைய பெரும்பாலான லினக்ஸ் தளங்களில், இயந்திரம் எழும் பணியைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற அமைப்பு வழமையாக ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். தட்டு வரவில்லையென்றால் அவசரநிலைக்குள் போய், கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த சிறிய அச்சகம் ஒன்றில் 2022இல் இதுதான் நடந்தது. மின்சாரம் வந்தது இரண்டு மணித்தியாலத்துக்கு. பிரதித்தட்டை உரிமையாளர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். கணினி அந்தத் தட்டைத் தேடி எழ மறுத்தது. திருமண அழைப்பிதழ் ஒன்று அச்சுக்குக் காத்திருக்க, இரண்டு மணித்தியாலமும் கழிந்து மீண்டும் இருண்டது. ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லை அந்த வரியில் சேர்த்திருந்தால், தட்டு வந்தால் ஒட்டு, வராவிட்டால் உன் வேலையைப் பார் என்று பொருள்பட்டிருக்கும்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

பொருத்துமிடம் என்பது முதலில் ஒரு வெறும் கோப்புறை. தட்டு அதன்மேல் வந்து ஒட்டினால் தட்டின் உள்ளடக்கம் தெரியும். ஒட்டாவிட்டாலும் அந்தக் கோப்புறை அங்கேயே இருக்கும், அதே பெயரோடு, அதே இடத்தில், கதவு திறந்தபடி. அதற்குள் எதையாவது எழுதினால் கணினி மறுப்புச் சொல்லாது. எழுதியவை வெளித்தட்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கணினியின் சொந்தத் தட்டில் விழும். பிறகொரு நாள் வெளித்தட்டு வந்து ஒட்டும்போது, அப்படி விழுந்தவை அதன் அடியில் மறைந்துவிடும். அழிவதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

கனடாவில் வாழும் பழைய சக பத்திரிகையாளர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. தன் தந்தையாரின் கடிதங்களையும் தான் எடுத்த முதியோர் செவ்விகளையும் ஒவ்வோர் இரவும் வெளித்தட்டு ஒன்றுக்குத் தானாகப் பிரதியெடுக்கும்படி அமைத்திருந்தார். இரவுதோறும் வேலை முடிந்தது என்ற செய்தியும் வந்தது. தட்டின் இணைப்பு எப்போதோ தளர்ந்துவிட்டது. நோஃபெயில் இருந்ததால் கணினி எதுவும் சொல்லாமல் எழுந்தது. பிரதிகள் எல்லாம் வெறும் கோப்புறைக்குள், அதாவது மூலம் இருந்த அதே தட்டுக்குள், விழுந்துகொண்டிருந்தன. மாதங்கள் கழித்து அந்தக் கணினித் தட்டு பழுதானபோது மூலமும் பிரதியும் ஒன்றாகப் போயின. வெளித்தட்டைத் திறந்து பார்த்தார். அது நலமாகவே இருந்தது. அதில் இருந்த கடைசிச் செவ்விக்குப் பின் அவர் எடுத்த செவ்விகள் எவையும் அதில் இல்லை. அவற்றைச் சொன்னவர்களில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

ஆகவே எழுதிவைத்தால் மட்டும் போதாது. நியமனக் கடிதம் இருப்பதால் ஆள் வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருளில்லை. என் பெறாமகன் அமைத்துத் தந்த காவல் மூன்று. முதலாவது, பிரதியெடுக்கும் கட்டளைக்கு முன்னால் ‘மவுண்ட்பொயின்ட்’ என்ற இன்னொரு சிறு கட்டளை ஓடும். அந்தக் கோப்புறையில் உண்மையாகவே தட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் வேலை அங்கேயே நிற்கும். இரண்டாவது, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அதன் பெயர் எழுதிய ஒரு சிறு கோப்பு. அது கண்ணில் பட்டால்தான் அது அந்தத் தட்டு. மூன்றாவது, தட்டு ஒட்டாத நிலையில் அந்த வெறும் கோப்புறைக்குள் எதுவும் எழுத முடியாதபடி பூட்டு. இவற்றைவிட, வரியை எழுதியவுடன் கணினியை அணைத்துப் பார்க்க முன்னரே, மவுண்ட் கட்டளையோடு சிறுகோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் பட்டியலில் உள்ளவற்றை அப்போதே ஒட்டிப் பார்க்கும். பிழை இருந்தால் வெளிச்சத்தில் தெரிந்துவிடும், இருளில் தெரியவேண்டியதில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முழு நாடும் இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. மின்சாரம் திரும்பியதும் கணினி எழுந்தது. மூன்று தட்டுகளும் தத்தம் இடங்களில் இருந்தன. யாரும் எதையும் அழுத்தவில்லை.

ஒட்டுவது பிரதியெடுப்பதாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மூன்று தட்டுகளும் ஒரே மேசையில் இருந்தால் ஒரே தீயில் போகும். அதனால் ஒன்று இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது, மாதமொருமுறை வந்து போகிறது. பொதுவுக்குரியவற்றைப் பொதுவில் வைப்பதே நல்லது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. யாழ் நூலகத்தின் சாம்பலை அறிந்த சமூகம் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம் அது.

எஃப்எஸ்டாப் கோப்பில் இன்னொரு வசதி உண்டு. ஒரு வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியை இட்டால் அந்த வரியைக் கணினி வாசிக்காது. அது மனிதருக்கானது. எனது கோப்பில் ஒவ்வொரு தட்டின் வரிக்கும் மேலே அப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன். இந்தத் தட்டில் 1990கள் முதல் 2009 வரையான நறுக்குகள், இதில் ஒலிப்பதிவுகள், அச்சேறாதவை தனிக் கோப்புறையில், இதன் பிரதி இன்னாருடைய வீட்டில். ஐம்பதைக் கடந்தவனுக்கு அடுத்த மறுதொடக்கத்தில் தானும் இருப்பேன் என்ற உத்தரவாதம் கிடையாது. எனக்குப் பின் அந்த மேசையில் அமர்பவர் லினக்ஸ் அறிந்தவராக இல்லாமலிருக்கலாம். தமிழ் வாசிப்பவராக இருந்தால் போதும்.

உங்களிடமும் அப்படியொரு தட்டு இருக்கும். இன்றிரவு கணினியை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். எது தானாக வந்து நிற்கிறது, எது வரவில்லை என்று பாருங்கள். வந்து நிற்பதுபோல் தெரிவதையும் உள்ளே சென்று பார்த்துவிடுங்கள்.